கார்பன் அம்பில் பழைய இறகையும் பசையையும் எடுப்பது எப்படி

இறகு பிய்ந்த அம்பு ஏழெட்டு சேரும் வரைக்கும் யாரும் இந்த வேலைக்கு உட்காருவதில்லை, அப்புறம் அடுத்த நாள் போட்டி என்று ஒரே ராத்திரியில் அத்தனையையும் சுரண்டுவோம். தண்டு வீணாவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

கத்தியைத் தொடும் முன் அம்பை வளைத்துப் பாருங்கள். இரண்டு முனையையும் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, லேசாக வளைத்து, கொஞ்சம் உருட்டி மறுபடி வளைத்து, இப்படி ஒரு சுற்று. நறநற என்று சத்தம் வந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். கீறல் விட்ட கார்பன் அம்பு, நாணை விடும்போது சிதறி வில் பிடித்த கையிலேயே ஏறும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, தேறியவற்றில் ஒன்றை மட்டும் கை வைக்காமல் மாதிரிக்கு ஒதுக்கிவிடுங்கள். இறகு நாக்கிலிருந்து (nock, அம்பின் பின்முனையில் நாணில் மாட்டும் துண்டு) எவ்வளவு தள்ளி இருந்தது, தனி நிற இறகு நாக்கின் வெட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் சுரண்டி முடித்த பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. தண்டில் அச்சிட்ட ஸ்பைன் எண்ணையும் (தண்டு எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் எண்) எழுதி வையுங்கள், அசிட்டோன் பட்டால் அது அழிந்துபோகும். அப்புறம் நாக்கைத் திருகிக் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் பெரும்பாலான நாக்குகள் பாலிகார்பனேட், அசிட்டோன் பட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

இறகை எடுக்க மழுங்கின கத்தி வேண்டும். புது பிளேடு கூடவே கூடாது. நான் ஒருமுறை புது கட்டர் பிளேடை வைத்து வேகமாக முடிக்கலாம் என்று பார்த்தேன், இறகோடு சேர்த்து தண்டிலும் ஒரு சீவல் வந்துவிட்டது, நல்ல அம்பு ஒன்று போனது. கத்தியைத் தண்டோடு படுக்க வைத்து, இறகின் அடியில் நுழைத்து, நீளவாக்கில் மட்டும் தள்ளுங்கள். கார்பன் இழைகள் பெரும்பாலும் நீளத்துக்குத்தான் ஓடும், குறுக்கே சுரண்டினால் இழை பிரியும். ஒரு ஓரம் கிளம்பிவிட்டால் இடுக்கியால் பிடித்து மெதுவாக உரிக்கலாம்.

மிச்சம் நிற்கும் பசைதான் உண்மையான வேலை. சூப்பர் குளூ வகைப் பசை என்றால் அசிட்டோனில் இளகும். துணியை நனைத்து, பசை இருக்கும் இடத்தில் சுற்றி ஒரு நிமிடம் விடுங்கள், பிறகு ஐஸ் குச்சியால் தள்ளுங்கள், இரண்டு மூன்று தடவை ஆகும். பழைய ஏடிஎம் கார்டு வேண்டாம், அதுவே இளகிவிடும். அசிட்டோனில் அம்பை ஊறப் போடாதீர்கள், தண்டின் வாய்க்குள்ளும் இறங்க விடாதீர்கள். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் பல நேரம் எண்ணெய் கலந்திருக்கும், அது புதுப் பசைக்கு எதிரி. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது, அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இறகுக்கு அடியில் ஸ்டிக்கர் உறை ஒட்டியிருந்தால் சுரண்டவே வேண்டாம். ஹேர் டிரையரைக் கொஞ்ச நேரம் காட்டினால் இறகோடு சேர்ந்து மொத்தமாக உரிந்து வரும். லைட்டர் மட்டும் காட்டாதீர்கள், இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் எபாக்சி கெட்டால் தண்டு பலமிழக்கும். ஒலிம்பிக் வில்லாளிகள் போடும் சுருண்ட ஸ்பின் இறகுகள் இருபக்க டேப்பில் நிற்பவை, விரலாலேயே பிய்க்கலாம், பிசுக்கைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

உப்புத்தாள் தேய்க்கலாமா என்றால், எனக்கு அதில் இஷ்டமில்லை. கார்பன் தூசி மூச்சில் போனாலும் கெடுதல், கையில் ஏறினாலும் அரிப்பு.

முடிந்ததும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கும் இடறக் கூடாது. ஆல்கஹால் துடைத்துக் காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: படர்ந்து பரவினால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடி துடையுங்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது, நாக்கை மாட்டி நேராக ஜிக்கில் (இறகு ஒட்ட அம்பைப் பிடித்து வைக்கும் கருவி) ஏற்றிவிடுங்கள். மாதிரிக்கு ஒதுக்கிய அம்பைக் கடைசியாகச் சுரண்டுங்கள்.