கிராம சபையில் மாற்றுக் கட்சிக்காரரிடம் பேசும்போது செய்யும் தவறுகள்

ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கான இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னம் இருக்காது. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கும் அப்படித்தான். ஒன்றியம், மாவட்டம் என்று மேலே போனால்தான் கட்சி. சட்டம் இப்படிச் சொன்னாலும் யார் எந்தக் கட்சி என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் கிராம சபையில் குழாய்த் தண்ணீரில் தொடங்கும் பேச்சு பத்து நிமிடத்தில் கோட்டைக்குப் போய், அப்படியே டெல்லிக்கும் போய்விடுகிறது.

முதல் தவறு, சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு சொன்ன ஆளுக்குப் பதில் சொல்வது. “மேலத்தெருவுக்குத் தண்ணி வந்து நாலு நாள் ஆச்சு” என்கிறார் ஒருவர். “உங்க ஆட்சியில மட்டும் ஆறா ஓடுச்சா?” என்று பதில் வருகிறது. அப்புறம் யார் காலத்தில் டேங்க் கட்டினார்கள் என்ற வரலாறு. மோட்டார் எரிந்துவிட்டதா, வால்வு திறக்கவில்லையா, குழாய் உடைந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளுக்கு எந்தக் கட்சியிடமும் பதில் கிடையாது. டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கும். அவரை எழுப்பிக் கேளுங்கள்.

பணம் என்று வந்தால் இன்னும் மோசம். “எல்லாத்தையும் தின்னுட்டீங்க” என்று ஆரம்பித்தால் தலைவர் “நிரூபி பார்க்கலாம்” என்பார், கூட்டம் இரண்டாகப் பிரியும். வரவு செலவு கணக்கை கிராம சபையில் வைக்க வேண்டும் என்பது விதி. அதனால் “அந்த வடிகால் வேலைக்கு எவ்வளவு செலவு எழுதியிருக்கு, அதை மட்டும் வாசிங்கண்ணே” என்று கேட்டால் போதும். கேள்வி சின்னதாக இருந்தால் நழுவ இடமில்லை. ஒரே மூச்சில் ஆறு புகார் அடுக்கினால், தனக்குத் தோதான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

எல்லாவற்றையும் மைக்கில்தான் பேச வேண்டும் என்பதும் தவறு. அவருடைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவரால் இறங்கிவர முடியாது. தெருவிளக்கு, குப்பை வண்டி மாதிரி விஷயம் என்றால் முந்தின நாளே டீக்கடையில், “நாளைக்கு இதைக் கேட்கப் போறேன் மாமா, விவரம் எடுத்து வெச்சிருங்க” என்று சொல்லிவிடலாம். முறைகேடு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் இந்த மரியாதை வேண்டாம்.

‘சண்டை வேண்டாம், எல்லாரும் ஒரே ஊர்தானே’ என்று பேச்சை மூடுவதும் தவறுதான். பல ஊர்களில் கட்சிச் சண்டை என்று சொல்லப்படுவது உண்மையில் சாதி. காலனிக்கு வரும் குழாய் கடைசியாகப் போடப்படுகிறது, அதைக் கேட்பவர் ‘அரசியல் பண்றார்’ ஆகிவிடுகிறார். கூட்டத்தில் ஓரமாக நிற்பவர்கள் பேசவில்லை என்றால் அவர்களுக்குக் குறை இல்லை என்று அர்த்தமில்லை. குரல் உயர்ந்துவிட்டது என்பதற்காக அவர்களுக்குப் பண்பாடு சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். குழாய் எப்போது வரும் என்ற கேள்விக்குப் பதில் வாங்கிக் கொடுங்கள்.

‘அந்தக் கட்சிக்காரங்க வராம இருந்தா நல்லது’ என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். உங்கள் ஆட்கள் மட்டும் வந்து அந்தக் கணக்கு நிரம்புமா? வருடத்துக்கு ஆறு கூட்டம்தான்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்று கெட்டால் அடுத்ததுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்கள்கூட கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கத்திவிட்டு, வருகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தீர்மானம் என்ன எழுதினார்கள் என்று பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவது. ‘மேலத்தெரு குடிநீர் குறித்து ஆவன செய்ய முடிவு செய்யப்பட்டது’ என்று இருந்தால் அடுத்த கூட்டத்திலும் அதே வரிதான் இருக்கும். எந்த வால்வு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டவும் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் கேட்டால் ஊராட்சி செயலர் தலைவர் முகத்தைப் பார்ப்பார். எதிர்க்கட்சிக்காரரும் பக்கத்தில் நின்று கேட்டால் பேனாவை எடுப்பார்.