ஃபைட்டர் மீன் ஜோடி சேர்க்கும் முன்

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ‘ஜோடி’ என்று வாங்கி வந்த ஃபைட்டர்களை அன்றைக்கே ஒன்றாக விடாதீர்கள். விடிவதற்குள் பெண்ணின் துடுப்பு கந்தலாகிவிடும். இரண்டுக்கும் 4 மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும். தயாரான ஆண் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டும். பெண்ணுக்கு வயிறு உப்பி, அடியில் உப்புக்கல் அளவில் வெள்ளைப் புள்ளி துருத்தும். ஆணைக் கண்டதும் பெண்ணின் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் எழுந்தால் சம்மதம். தலையிலிருந்து வால்வரை நீளக் கோடு என்றால் மிரண்டிருக்கிறது, தள்ளிப்போடுங்கள்.

10 நாள் தனித்தனியே வைத்து ஆர்ட்டீமியா, மொய்னா போன்ற பொடி உயிர்த்தீனி கொடுங்கள். கொசுப்புழுவும் நல்ல தீனிதான். ஆனால் மாடி வாளியில் வளர்த்தால் மாநகராட்சி ஆள் வந்து நிற்பார்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. மெட்ரோ தண்ணீரை வலை மூடி 2 நாள் வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். 20 லிட்டர் தொட்டியில் 12 செ.மீ. உயரத் தண்ணீர் போதும், ஆழம் கூடினால், விழும் முட்டையை வாயில் கவ்வி மேலே கொண்டுவர ஆண் திணறும். ஃபில்டர் ஓடினால் கூடு கலையும். காய்ந்த பாதாம் இலை ஒன்று, பெண் ஒளிய கொஞ்சம் செடி, மேலே மூடி.

ஆணைத் தொட்டியில் விட்டு, நடுவே அடி வெட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாட்டிலை நட்டு, பெண்ணை அதற்குள் ஒரு நாள் விடுங்கள். கூடு பெருத்ததும் பாட்டிலைத் தூக்குங்கள். முட்டையிட்டு முடித்த பெண் மூலையில் ஒதுங்கும். உடனே எடுத்துவிட வேண்டும். பொரிந்த குஞ்சுகள் 3 நாளில் கிடைமட்டமாக நீந்தும்போது ஆணையும் எடுங்கள், தின்றுவிடும்.