ரேஸுக்கு முந்தின ராத்திரி பிரேக் பேட் மாற்றாதீர்கள்

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் டவுன்ஹில் (மலைச்சரிவில் சைக்கிளில் இறங்கும் ரேஸ்) தடத்தில் சுமார் 2.8 கிலோமீட்டருக்குள் 550 மீட்டர் இறங்க வேண்டும். இந்த மாதிரி ரேஸுக்குக் கணவனும் மனைவியுமாகப் போகிறவர்கள் டென்ட், சாப்பாடு எல்லாம் யோசித்துவிட்டு, சக்கரத்தோடு சுழலும் தட்டை (டிஸ்க்) அழுத்திப் பிடிக்கிற பிரேக் பேடை மட்டும் கடைசி ராத்திரிக்கு விட்டுவிடுவார்கள். புது பேட் உடனே பிடிக்காது. வீட்டுப் பக்கத்துச் சரிவில் வேகமெடுத்து, நிற்காமல் நடை வேகத்துக்குக் குறைத்து, 20 தடவையாவது பழக்குங்கள்.

அப்புறம், ஒருவர் செயினுக்கு எண்ணெய் விடும்போது இன்னொருவர் டிஸ்க்கைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். ஸ்ப்ரே எண்ணெய் வேண்டவே வேண்டாம். டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் கீச்சிடும், வழுக்கும். பட்டுவிட்டதா? டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பேட் குப்பைக்குத்தான். இருவருக்கும் ஒரே மாடல் பிரேக் என்றால், உபரியாக ஒரு ஜோடி பேட் போதும்.