புதிய நர்ஸ் வார்டுக்கு வந்தால்: இன்சார்ஜ் சிஸ்டருக்கு

நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து வருபவருக்குப் பாடம் தெரியும். பத்து பெட்டை ஒரே நேரத்தில் பார்த்துப் பழக்கமிருக்காது. அதனால் முதலில் அவருக்கு ஒரே ஒரு சீனியரை ஒதுக்கி, இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் போடுங்கள். தினம் ஒருவரோடு விட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். யாரிடம் கேட்பது என்று குழம்பி, கேட்பதையே நிறுத்திவிடுவார். அதுதான் ஆபத்து.

முதல் வாரம் இரண்டு பெட் போதும். பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கூட்டலாம். ஆள் இல்லையென்று இரண்டாம் வாரமே தனியாக நைட் டியூட்டி போடாதீர்கள்.

மருந்தில் முதலில் இன்சுலின். 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் உள்ள வயலும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி. உள்ளே போவது 50 யூனிட். நோயாளி வியர்த்து, சுயநினைவு தப்பிவிடுவார். வாயால் சொன்னால் பதியாது. இரண்டு வயலையும் இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்து இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். கலந்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். கலக்கும்போது சீனியர் பக்கத்தில் நிற்கட்டும்.

சொட்டுக் கணக்குக்கு ஒரு சுருக்கவழி: 1 மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டில், மணிக்கு எத்தனை மில்லியோ அதை 3-ஆல் வகுக்கவும். 500 மில்லி 4 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 125. நிமிடத்துக்கு 42 சொட்டு. 60 சொட்டு மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம்.

ராத்திரி டாக்டரைக் கூப்பிடப் பயப்படுவார்கள். “பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க சார்” என்றால் “பார்த்துக்கோங்க” என்றுதான் பதில் வரும். இப்படிச் சொல்லப் பழக்குங்கள்: “சார், 7-ஆம் பெட், நிமோனியா கேஸ். சாச்சுரேஷன் 88, ஒரு மணி நேரம் முன்னாடி 94 இருந்தது. பல்ஸ் 124, பிபி 90/60. ஆக்ஸிஜன் வச்சிருக்கேன். உடனே வந்து பாருங்க சார்.” போன் எடுக்குமுன் கேஸ் ஷீட் கையில் இருக்கட்டும்.

நோயாளிக்குப் போட்ட ஊசியைத் தவறிக் கையில் குத்திக்கொண்டால், திட்டு விழும் என்று மறைப்பார்கள். குத்திய இடத்தைப் பிதுக்கக்கூடாது, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையென்றால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. அந்த மருந்து எங்கே இருக்கிறது, ராத்திரியில் யாரிடம் சாவி என்பதை முதல் நாளே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.