மருந்தே திறந்துவிடும் மதகு: ஆன்டிபயாடிக் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து மெடிக்கல் ஷாப்களில் கூட்டம் கூடிவிடும். காய்ச்சல், பேதி, வயலில் காலை வெட்டிக்கொண்ட காயம் என்று ஆளுக்கொன்று சொல்லி, அட்டையிலிருந்து நாலு ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கத்தரித்து வாங்கிப் போகிறவர்கள் நிறைய. கேட்டால், “நாலு மாத்திரைதானே, சரியானால் ஆகட்டும், இல்லாவிட்டால் டாக்டரிடம் போய்க்கொள்ளலாம்” என்பார்கள். நல்லது நடக்காவிட்டாலும் கெடுதல் இல்லை என்ற இந்த நினைப்புதான் முதல் தவறு. போதாத அளவு மருந்து பாக்டீரியாவைச் சும்மா விட்டுவிடுவதில்லை. எதிரி வருகிறான் என்று முன்கூட்டியே அதற்குச் சொல்லிவிடுகிறது.

எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் குடலில் வாழும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவுக்குள் ஏறத்தாழ 4,300 ஜீன்கள் இருக்கின்றன. எல்லாமே எந்நேரமும் வேலை செய்தால் அதற்குச் சாப்பாடு கட்டுப்படியாகாது. அதனால் நம் வாய்க்கால் மதகு மாதிரி, வேண்டிய நேரத்தில் திறந்து, வேண்டாத நேரத்தில் மூடி வைத்திருக்கிறது. பாரிசில் பிரான்சுவா ஜாக்கோப், ழாக் மோனோ என்ற இரு விஞ்ஞானிகள் 1961-ல் இதை விளக்கினார்கள். லாக்டோஸ் சர்க்கரை இருந்தால்தான் அதைச் செரிக்கும் ஜீன்கள் திறக்கும், இல்லாதபோது ஒரு புரதம் உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருக்கும் என்று காட்டினார்கள். 1965-ல் நோபல் பரிசும் கிடைத்தது. மருந்தை எதிர்க்கும் ஜீன்கள் பலவும் இதே முறையில்தான் நடக்கின்றன.

டெட்ராசைக்ளினை எடுத்துக்கொள்வோம். சில பாக்டீரியாக்களிடம் இந்த மருந்தை உள்ளே வர வர வெளியே இறைத்துத் தள்ளும் பம்பு ஒன்று உண்டு. அது சும்மா ஓடிக்கொண்டிருந்தால் பாக்டீரியாவுக்கே நஷ்டம். ஆகவே டெட்ஆர் என்ற புரதம் அந்த ஜீனை மூடி வைத்திருக்கும். டெட்ராசைக்ளின் உள்ளே நுழைந்ததும் முதலில் போய் ஒட்டுவது இந்த டெட்ஆரில்தான். ஒட்டியவுடன் அது பிடியை விட்டுவிடும், ஜீன் திறக்கும், பம்பு உருவாகும். இதில் நம்மை உறுத்த வேண்டிய விஷயம், பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான அளவைவிட மிகக் குறைந்த மருந்தே இதைத் திறக்கப் போதும் என்பது. முழு டோஸ் வந்து சேரும்போது பம்பு தயாராக நிற்கும்.

எலிக்காய்ச்சலுக்கு டாக்டர்கள் எழுதும் டாக்சிசைக்ளின் இந்தக் குடும்பத்து மருந்துதான், நல்ல மருந்து. அதை எந்தக் காய்ச்சலுக்கும் நாமே வாங்கி ரெண்டு நாள் போட்டுப் பார்ப்பதுதான் கூடாது. மாத்திரை நோய்க்கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை. குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் அதைச் சந்திக்கின்றன. அவற்றில் பம்பு ஜீன் வைத்திருப்பவை தழைக்கும். அந்த ஜீன்கள் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய துண்டுகளில்தான் இருக்கும்.

“ஒரு மருந்துக்குத்தானே பழகும், வேறு மருந்து இருக்கிறதே” என்பது அடுத்த தவறு. ஈ.கோலியில் மார்ஏ என்ற புரதம் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லீவியின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய வேலை இதை வெளிக்கொண்டுவந்தது. மார்ஏ கிளம்பினால் ஒரே நேரத்தில் பல ஜீன்களை அசைக்கும். டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால், சிப்ரோஃப்ளாக்சசின் என்று வகைவகையான மருந்துகளை வெளியேற்றும் பொதுப் பம்பு கூடும், மருந்து நுழையும் துவாரங்கள் குறையும். ஒரு மருந்தை அரைகுறையாகக் காட்டியதற்கு, தொடர்பே இல்லாத மற்ற மருந்துகளுக்கும் பாக்டீரியா ஓரளவு ஈடுகொடுக்கக் கற்றுவிடும். ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலேட்டும் சோதனைக் குழாயில் இந்த ஏற்பாட்டைத் தூண்டுகிறது. அதைப் படித்துவிட்டு, இதய நோய்க்கு டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் கண்டதை அப்படியே மருந்துச் சீட்டாக்குவதும் தவறுதான்.

எனக்கு மிகவும் கவலை தரும் உதாரணம் நம் மாநிலத்தோடு தொடர்புள்ளது. 1992-ன் கடைசியில் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டியது. அந்தக் கிருமியில் எஸ்எக்ஸ்டி என்ற ஜீன் தொகுப்பு இருந்தது. சல்ஃபா, டிரைமெத்தோபிரிம், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றுக்கு எதிர்ப்பு ஒரே மூட்டையாக அதில் இருந்தது. இந்த மூட்டை வேறு பாக்டீரியாவுக்குத் தாவாமல் செட்ஆர் என்ற புரதம் அடக்கி வைத்திருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும்போது பாக்டீரியாவுக்குள் ஆபத்துக்கால ஏற்பாடு ஒன்று விழித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் செட்ஆர் உடைகிறது, மூட்டை தாவும் வேகம் பல மடங்கு கூடுகிறது. 2004-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் அந்த மூட்டையில் இருக்கும் எதிர்ப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பரப்பிவிட்டது அந்த மருந்துதான். பேதி என்றதும் சிப்ரோ கேட்டு வாங்கும் பழக்கத்தை விட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பெரும்பாலான பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து. ரத்தம் கலந்து போனாலோ கடும் காய்ச்சல் இருந்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வயலுக்கும் குட்டைக்கும் வருவோம். சம்பாவில் இலை ஓரம் காய்ந்து வந்தால் ஸ்ட்ரெப்டோமைசின்-டெட்ராசைக்ளின் கலந்த பொடியைத் தெளிக்கும் வழக்கம் இங்கே உண்டு. குலைநோய் பூஞ்சணத்தால் வருவது, அதற்கு இந்தப் பொடியால் ஒரு பயனும் இல்லை. பாக்டீரியா இலைக்கருகல்தானா என்று பார்க்க, நோய் கண்ட இலையை வெட்டித் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் நிறுத்துங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போலக் கலங்கல் இறங்கினால் பாக்டீரியாதான். அப்போதும் யூரியாவை அள்ளிப் போடாமல் இருப்பதும் தேங்கிய நீரை வடிப்பதும் முதல் வேலை. தெளித்ததில் பெரும்பகுதி தண்ணீரிலும் மண்ணிலும் நீர்த்துப்போய், கொல்லப் போதாத, ஆனால் தூண்டப் போதுமான அளவில் கிடக்கும்.

வேதாரண்யம் தொடங்கிக் கடலோரம் நெடுக இருக்கும் இறால் குட்டைகளிலும் இதே கதை. வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதால் ஒரு இறாலும் பிழைக்காது. குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரான்களும் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதிச் சரக்கில் தடயம் இருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் விஷயத்திலும் தவறு நடக்கிறது. ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு நேரே ‘கேட்கும்’ என்று இருந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். மூடியிருக்கும் ஜீன் சோதனையில் தெரியாமல் போகலாம். சீழ்க் கட்டிகளில் வரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் சிலவற்றில், இந்த இரண்டு மருந்தையும் எதிர்க்கும் எர்ம் என்ற ஜீன் இருக்கும்: எரித்ரோமைசின், கிளிண்டாமைசின். எரித்ரோமைசின் பட்டால் திறக்கும், கிளிண்டாமைசின் மட்டும் பட்டால் பெரும்பாலும் திறக்காது. தனியாகச் சோதித்தால் கிளிண்டாமைசின் கேட்பதாகத் தோன்றும், சிகிச்சை நடுவில் கைவிடலாம். இதைப் பிடிக்க, இரண்டு மருந்து வில்லைகளையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கிளிண்டாமைசின் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி ஆங்கில ‘D’ எழுத்துப் போல ஆனால் ஜீன் ஒளிந்திருக்கிறது என்று பொருள். என்டெரோபாக்டர் போன்ற கிருமிகளில் ஆம்ப்சி என்ற ஜீனும் இப்படித்தான். தொடக்கத்தில் செஃப்ட்ரியாக்சோன் கேட்பதாகக் காட்டிவிட்டு, மூட முடியாதபடி திறந்துபோன ஒரு சில பாக்டீரியாக்கள் சிகிச்சையின்போதே பெருகிவிடலாம். ஆகவே ‘கேட்கும்’ என்று எழுதியிருந்தும் டாக்டர் வேறு மருந்து தேர்ந்தெடுத்தால், அவருக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நோய் திரும்பி வந்தாலே ‘பெரிய மருந்து’ கேட்பது. பாக்டீரியா ஆய்வாளர் ஜோசப் பிகர் 1944-லேயே பெனிசிலினில் தப்பிய சில ஸ்டாஃபிலோகாக்கஸ்களைக் கவனித்தார். அவற்றை மறுபடி வளர்த்தால் சந்ததி பெனிசிலினுக்குச் சாதாரணமாகச் செத்தது. எதிர்ப்பு ஜீன் எதுவும் இல்லை. சில செல்கள் தங்கள் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டு உறங்கிக் கிடந்ததால் பிழைத்திருந்தன. அதனால் திரும்பி வந்த நோய்க்கு முதலில் மறு கல்ச்சர்தான் தேவை. எத்தனை நாள் சாப்பிடுவது என்பதையும் டாக்டரே முடிவு செய்யட்டும். பல தொற்றுகளுக்கு இப்போது குறைந்த நாட்களே போதும் என்று தெரிந்திருக்கிறது, காசநோய்க்கோ பல மாதம் வேண்டும். சொன்னதைக் குறைக்கவும் வேண்டாம், நாமாக நீட்டவும் வேண்டாம்.

2014 முதல் இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ள ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைக்க வேண்டும் என்பது விதி. சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் கோபப்பட வேண்டாம். அப்புறம், டாக்டரிடம் போகும்போது அதற்கு முன் போட்ட மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள், வெறும் அட்டையையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள். கல்ச்சருக்கு மாதிரி எடுப்பதற்கு முன்பே ரெண்டு மாத்திரை உள்ளே போயிருந்தால் கிருமி தட்டில் வளராமலே போகலாம். எந்த மருந்து போயிருக்கிறது என்று தெரிந்தால், அடுத்து எதைத் தவிர்ப்பது என்று முடிவெடுக்க அவருக்கு அது உதவும்.