ஆக்ஸிஜன் சென்சார் நிஜமாவே போயிடுச்சா? செக் பண்ணிட்டு மாத்துங்க

செக் என்ஜின் லைட் எரியுது, மைலேஜ் குறைஞ்சிருக்கு, ஐடிலிங்ல வண்டி லேசா உதறுது, வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினா ஆக்ஸிஜன் சென்சார் கோடு, அதாவது கோளாறு எண், வருது. உடனே புது சென்சார் வாங்க கிளம்பிடாதீங்க. நான் முதல் தடவை அந்தத் தப்பைத்தான் பண்ணேன். பி0171 வந்துச்சு, அதாவது கலவைல பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி. சென்சாரை மாத்தினேன், ரெண்டே நாள்ல திரும்ப அதே லைட். கடைசில பார்த்தா இன்டேக் பக்கம் ஒரு வேக்குவம் ஹோஸ்ல (ரப்பர் குழாய்) வெடிப்பு, அது வழியா காத்து உள்ள போயிருக்கு. பழைய சென்சார் உள்ளதைத்தான் சொல்லிட்டு இருந்திருக்கு.

புகைல எவ்ளோ ஆக்ஸிஜன் மிச்சம் இருக்குன்னு பார்த்து ஈசியூவுக்கு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டருக்கு, சொல்றதுதான் இதோட வேலை. அதை வச்சுதான் ஈசியூ எடைல 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துங்கிற கணக்கைப் பிடிச்சு வைக்குது. புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னாடி இருக்கிறது சென்சார் 1, பின்னாடி இருக்கிறது சென்சார் 2. சிலிண்டர் வரிசைக்குத்தான் பேங்க்னு பேர், முதல் சிலிண்டர் இருக்கிற பக்கம் பேங்க் 1. எந்த சென்சாரைச் சொல்லுதுன்னு புரிஞ்சுக்காம கை வைக்காதீங்க, நல்லா இருக்கிறதைக் கழட்டிடுவீங்க.

முதல் வேலை, கோடைப் படிங்க. பி0133 வந்தா சென்சார் 1 மெதுவா வேலை செய்யுதுன்னு அர்த்தம், பி0135 அதே சென்சாரோட ஹீட்டர் சர்க்யூட், பி0141 பின்னாடி சென்சாரோட ஹீட்டர். பி0420 வந்தா கன்வெர்ட்டர் பக்கமும் பார்க்கணும்.

அடுத்தது லைவ் டேட்டா, அதாவது என்ஜின் ஓடும்போதே ஸ்கேனர்ல தெரியிற அளவுகள், என்னைக் கேட்டா இதுதான் முக்கியமான இடம். என்ஜினை நல்லா சூடாக்கிட்டு 2000, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு வச்சு சென்சார் 1 வோல்டேஜைப் பாருங்க. சாதாரண ஜிர்கோனியா டைப்னா 0.1ல இருந்து 0.9 வோல்ட் வரைக்கும் விடாம ஏறி இறங்கிட்டே இருக்கணும். கீழேயே நிக்குதா? ஆக்ஸிலரேட்டரை சட்டுன்னு ஒரு மிதி மிதிங்க, 0.9 பக்கம் தாவணும், காலை எடுத்ததும் கீழே விழணும். தாவுச்சுன்னா சென்சார் உயிரோட இருக்கு, கோளாறு வேற எங்கயோ. சோம்பலா ஏறி சோம்பலா இறங்கினா வயசாயிடுச்சு. சென்சார் 2 கிட்டத்தட்ட ஒரே இடத்துல நிக்கணும், அதுவும் முன்னாடி சென்சார் மாதிரியே ஆடினா கன்வெர்ட்டர் மேலதான் சந்தேகம். வைட்பேண்ட் சென்சார் இருக்கிற வண்டிக்கு இந்த வோல்டேஜ் கணக்கு பொருந்தாது, அதுல லாம்டா (காத்து பெட்ரோல் கலவை சரியான கணக்குல இருந்தா 1னு காட்டுற எண்) 1 கிட்ட இருக்கான்னு பாருங்க.

ஹீட்டர் கோடுன்னா முதல்ல ஃப்யூஸ். அது சரியா இருந்தா கனெக்டரைக் கழட்டி, ஒரே கலர்ல இருக்கிற ரெண்டு வயருக்கு நடுவுல மல்டிமீட்டரை வைங்க, சில ஓம் காட்டணும். ஓப்பன்னு, அதாவது இணைப்பே இல்லைன்னு, காட்டினா ஹீட்டர் அறுந்துருச்சு, மாத்தித்தான் ஆகணும். சென்சாருக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலும் தப்பா காட்டும், ஜாயின்ட்ல கரி படிஞ்சிருக்கான்னு ஒரு டார்ச் அடிச்சுப் பாத்துருங்க.

இப்போ கழட்டுறது. முந்தின நாளே மரையில துரு இறுக்கத்தை இளக்குற பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு விடுங்க. வண்டிக்கு அடியில போகணும்னா ஸ்டாண்ட் போடாம போகாதீங்க, ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. கையுறை போட்டு, எக்ஸாஸ்ட் வெதுவெதுப்பா இருக்கும்போது செய்ங்க, கொதிக்கும்போது வேண்டாம். கனெக்டரைப் பிரிச்சுட்டு வயர் எந்த வழியா போகுதுன்னு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பெரும்பாலும் 22 மிமீ சைஸ்தான், வயர் நுழையிற மாதிரி பக்கத்துல வெட்டு விட்ட சாக்கெட் வேணும். டக்குன்னு ஒரு சத்தத்தோட விடும், விட்டதும் வேகமா சுத்தாம அரைச் சுத்து கழட்டி கால் சுத்து திருப்பி முடுக்கி, மறுபடி கழட்டிட்டே வாங்க, இல்லேன்னா மரையை உரிச்சுட்டு வந்துடும்.

வெளிய வந்ததும் முனையைப் பாருங்க. காஞ்ச கரி கருப்பா அப்பியிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி எரியுது, வெள்ளையா படிஞ்சிருந்தா கூலன்ட் இல்லேன்னா சிலிக்கான் சீலன்ட் உள்ள போயிருக்கலாம். அந்தக் காரணத்தை சரி பண்ணாம புதுசைப் போட்டா அதுவும் சீக்கிரம் போயிடும்.

புது சென்சார் மரையில ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காம இருக்கத் தடவுற பேஸ்ட்) ஏற்கனவே தடவியிருந்தா நீங்க தடவாதீங்க, இல்லேன்னா மரையில மட்டும் கொஞ்சம், முனையில ஒரு துளி கூட படக் கூடாது. கையாலேயே முழுசா முடுக்கிட்டு, அப்புறம் இறுக்கத்தை அளந்து முடுக்குற டார்க் ரெஞ்ச். 18 மிமீ மரைக்கு சுமாரா 40ல இருந்து 45 நியூட்டன் மீட்டர், உங்க வண்டி மேனுவல்ல வேற சொல்லியிருந்தா அதுதான் சரி. கனெக்டர்ல கிரீஸ் வேண்டாம், நிறைய சென்சாருக்கு ஒப்பிட்டுப் பார்க்கிற வெளிக்காத்து வயர் வழியாத்தான் உள்ள போகுது. வயர் எக்ஸாஸ்ட் பைப்பைத் தொடாம பழைய கிளிப்லயே மாட்டுங்க.

கோடை அழிச்சுட்டு ஒரு ரவுண்டு ஓட்டி, அதே லைவ் டேட்டாவைத் திரும்பப் பாருங்க. வோல்டேஜ் சுறுசுறுப்பா ஆடுதா, ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு) ப்ளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருக்கா, ஒரு வாரம் கழிச்சு பெண்டிங் கோடு (லைட் எரியாம உள்ள பதிவாகியிருக்கிற கோளாறு) ஏதாவது வந்திருக்கான்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க.