அக்கவுண்ட்ஸ் வேலைக்கு முதல் இன்டர்வியூவா? பில் படிக்கப் பழகிவிட்டுப் போங்கள்

"டேலி தெரியுமா?" (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) என்று கேட்டால் வருகிற எல்லோரும் "தெரியும் சார்" என்றுதான் சொல்கிறார்கள். "சரி, பேங்க்ல இருந்து பத்தாயிரம் ரொக்கமா எடுத்தோம். எந்த வவுச்சர்ல போடுவீங்க?" என்று அடுத்துக் கேட்டால் பலர் "பேமென்ட்" என்கிறார்கள். சரியான வவுச்சர், அதாவது பதிவு வகை, கான்ட்ரா. பணம் வெளியே யாருக்கும் போகவில்லை, நம்முடைய பேங்கிலிருந்து நம்முடைய கல்லாவுக்குத்தான் வந்திருக்கிறது.

கோவையில் ஒரு சிறிய கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து டெஸ்ட் வைப்பது என் வேலை. பி.காம். முடித்து முதல்முறையாக அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் வாயைவிடக் கையைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அதனால் இன்டர்வியூவுக்குத் தயாராவதும் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1. கம்பெனியைப் பற்றிப் பத்து நிமிடம் தேடுங்கள்

வெப்சைட்டில் இருக்கும் 'எங்களைப் பற்றி' பக்கத்தை எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள். நீங்கள் இன்னும் ஒரு படி போகலாம். அந்தக் கம்பெனியின் ஜிஎஸ்டி எண் கிடைத்தால் (பல கம்பெனிகள் வெப்சைட்டின் அடியிலேயே போட்டிருக்கும்) ஜிஎஸ்டி போர்ட்டலில் தட்டிப் பாருங்கள். லாகின் தேவையில்லை. பதிவான சட்டப்பூர்வப் பெயர், எந்தத் தேதியிலிருந்து பதிவு, சாதாரணப் பதிவா காம்போசிஷனா (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்), உற்பத்தியா வியாபாரமா என்பதெல்லாம் வரும். பெயர்ப் பலகையில் ஒரு பெயரும் பதிவில் வேறொரு பெயரும் இருப்பது சகஜம். "உங்க ஜிஎஸ்டி விவரத்தைப் பார்த்தேன் சார், உற்பத்தியும் மொத்த வியாபாரமும் இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அக்கவுண்ட்ஸ்காரருக்கு அதைவிட நல்ல அறிமுகம் இல்லை.

2. டேலியில் ஒரு வாரம் கை பழகுங்கள்

சர்ட்டிபிகேட் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தால் விரல் மறந்திருக்கும். டேலி பிரைமை லைசென்ஸ் வாங்காமலே எஜுகேஷனல் மோடில் திறக்கலாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில்தான் பதிவு போட முடியும். பழக இது போதும்.

சாவிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், விரலுக்குப் பழக்குங்கள்: எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீப்ட், எஃப்7 ஜர்னல் (ரொக்கமோ பேங்கோ சேராத பதிவு), எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். உங்கள் வீட்டுச் செலவையே ஒரு கம்பெனியாகத் திறந்து போட்டுப் பாருங்கள். கரண்ட் பில், பால் கணக்கு, அப்பாவுக்கு வந்த சம்பளம், ஏடிஎம்மில் எடுத்த பணம். மளிகைக்கடை அண்ணாச்சிக்கு மாதக் கடைசியில் கொடுக்க வேண்டிய பாக்கி அவர் பெயர்க் கணக்கில் (லெட்ஜர்) கிரெடிட் பக்கம் நிற்பதைப் பார்த்தால், கல்லூரியில் மூன்று வருடம் புரியாதது அன்றைக்குப் புரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

எக்செலில் வீலுக்கப் (தேடி எடுக்க), சம்இஃப் (நிபந்தனையோடு கூட்ட), பிவட் டேபிள் (தொகுத்துப் பார்க்க) மூன்றும் வேண்டும். அதற்குமேல் முதல் வேலைக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை.

3. ஒரு பில்லைக் கையில் எடுத்து முழுதாகப் படியுங்கள்

என் முதல் இன்டர்வியூ ஒரு நூல் மில்லில். எட்டு பர்ச்சேஸ் பில்லைக் கையில் கொடுத்து, "டேலில போடுங்க தம்பி" என்றுவிட்டு மேனேஜர் வெளியே போய்விட்டார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இன்னொரு பெண். நான் எட்டையும் கடகடவென்று போட்டுவிட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் ஆறுதான் போட்டிருந்தார். மேனேஜர் வந்ததும் என்னிடம் ஒரு பில்லை நீட்டி, "இது யார் பேர்ல இருக்கு?" என்றார். அதே முதலாளியின் இன்னொரு கம்பெனி பெயரில் இருந்தது. அட்ரஸ் ஒன்றுதான், பெயரில் ஒரு சொல் வேறு, ஜிஎஸ்டி எண்ணும் வேறு. இன்னொன்று, ஏற்கனவே போட்ட பில்லின் டூப்ளிகேட் காப்பி. அந்தப் பெண் இரண்டையும் தனியாக எடுத்துவைத்து, ஒரு துண்டுத் தாளில் "கேட்கணும்" என்று எழுதியிருந்தார். வேலை யாருக்குக் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் பில் வந்தால் தொகைக்குப் போகும் முன் இந்த வரிசையில் பாருங்கள். முதலில், யார் பெயருக்கு எழுதியிருக்கிறது. அடுத்து பில் எண், தேதி. பிறகு இரண்டு பக்கத்து ஜிஎஸ்டி எண்கள்.

அந்த எண்ணில் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29. அடுத்த பத்தும் பான் எண். இது தெரிந்தால் வரியைச் சரிபார்ப்பது சுலபம். 40,000 ரூபாய்க்கு பேரிங் வாங்கியிருக்கிறோம், வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் எண் 29 என்று தொடங்கி, சரக்கு பெங்களூரிலிருந்து கோவைக்கு வந்திருந்தால் வெளிமாநிலச் சரக்குக்கான ஐஜிஎஸ்டி 7,200. விற்றவரும் 33 என்றால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 3,600, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி 3,600. எப்படியானாலும் மொத்தம் 47,200தான். மொத்தம் ஒன்றாக இருப்பதால்தான் அவசரத்தில் போடுகிறவருக்குத் தப்பு கண்ணில் படுவதில்லை. விற்றவர், வாங்கியவர் இருவரும் 33, சரக்கும் உள்ளூரிலேயே வந்தது, ஆனால் பில்லில் ஐஜிஎஸ்டி என்றிருந்தால் நிறுத்துங்கள். வேண்டுமென்றே அப்படி ஒரு பில்லை நடுவில் செருகிவைப்பவர்கள் உண்டு (நானும்தான்).

வரி விகிதத்தில் ஒரு எச்சரிக்கை. கோர்ஸ் மெட்டீரியல் பழையதாக இருந்தால் 5, 12, 18, 28 என்று நான்கு அடுக்கு இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 5, 18 என்று இரண்டுதான், சொகுசுப் பொருள் போன்ற சிலவற்றுக்கு 40. பழைய பதிலைச் சொன்னால், செய்தித்தாள் பார்ப்பதில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

4. தேதிகளைக் காரணத்தோடு தெரிந்துகொள்ளுங்கள்

"ஜிஎஸ்டிஆர் 1 எப்போ, 3பி எப்போ?" என்பது தவறாமல் வரும் கேள்வி. முதலாவது விற்பனை விவரம், இரண்டாவது வரிக் கணக்கு. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11, 20. ஏன் இந்த வரிசை என்று கேட்டால்தான் பலர் திணறுகிறார்கள். நமக்கு விற்றவர் 11ஆம் தேதிக்குள் தன் விற்பனையை ஆர்1ல் காட்டுகிறார். அது 14ஆம் தேதி நம்முடைய 2பியில் (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களை போர்ட்டலே தரும் பட்டியல்) வந்து உட்காருகிறது. அதை நம் பர்ச்சேஸ் பதிவோடு ஒப்பிட்டு, எவ்வளவு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி) கழித்துக்கொள்ளலாம் என்று பார்த்து, 20க்குள் 3பி போடுகிறோம். 2பியில் வராத பில்லுக்கு, விற்ற பார்ட்டிக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் ஒவ்வொரு மாதமும் அந்த ஆறு நாளும் நடக்கிற வேலை. அசிஸ்டென்டாகச் சேர்ந்தால் அந்தப் போனைப் போடப்போவது நீங்கள்தான். விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வழியும் உண்டு.

இவற்றோடு, பிடித்த டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பொதுவாக அடுத்த மாதம் 7க்குள், பிஎஃப்பும் இஎஸ்ஐயும் 15க்குள் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஒப்பிடுவது) பற்றியும் கேட்பார்கள். புத்தக விளக்கம் வேண்டாம். "நாம கொடுத்த செக்கைப் பார்ட்டி இன்னும் போடல, பேங்க் சார்ஜ் பிடிச்சதை நாம இன்னும் எழுதல, அதனால ரெண்டு பேலன்ஸும் ஒத்துப்போகல" என்று ஒரு உதாரணம் சொன்னால் முடிந்தது.

5. உங்களைப் பற்றிச் சொல்வதை வாய்விட்டுப் பழகுங்கள்

ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். அப்பா வேலை, தம்பி படிப்பு, பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"பி.காம். முடிச்சிருக்கேன் சார், 2025 பேட்ச். டேலி பிரைம் கோர்ஸ் பண்ணேன். ரெண்டு மாசம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பர்ச்சேஸ் பில் என்ட்ரியும் பேங்க் என்ட்ரியும் போட்டேன். ஜிஎஸ்டி ரிட்டர்ன் நானா போட்டதில்ல, பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்."

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். செய்ததையும் பார்த்ததையும் பிரித்துச் சொல்கிறவரை நம்பிப் பணக் கணக்கைக் கொடுக்கலாம் என்று தோன்றும். எதற்கும் தெரியும் என்று சொல்லி மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வதைவிட, "இது தெரியாது சார்" என்பது எவ்வளவோ மேல். ஆனால் கான்ட்ராவுக்கும் ஜர்னலுக்கும் "தெரியாது" சொன்னால் யாராலும் காப்பாற்ற முடியாது.

இங்கிலீஷ் பயம் இருக்கிறதா? சின்னக் கம்பெனிகளில் பேச்சு பெரும்பாலும் தமிழில்தான் போகும். அறிமுகத்தை மட்டும் இங்கிலீஷில் தயார் செய்துகொண்டு, கணக்குக் கேள்வி வந்ததும் "தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேளுங்கள். நான் பார்த்த வரையில் யாரும் மறுத்ததில்லை. ஆனால் பார்ட்டிக்கு ஒரு மெயில் எழுதச் சொல்வார்கள். "பில் நகலை அனுப்புங்கள்", "பாக்கித் தொகையை உறுதிசெய்யுங்கள்" என்று இரண்டு மெயிலாவது இங்கிலீஷில் எழுதிப் பழகுங்கள்.

6. கிளம்பும் நாள்

அயர்ன் செய்த சட்டை அல்லது சுடிதார், பயோடேட்டா இரண்டு காப்பி, மார்க்ஷீட் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ, நீலப் பேனா, ஒரு சின்னக் கால்குலேட்டர். செல்போனை எடுத்துக் கணக்குப் போடுவது பார்க்க நன்றாயிருக்காது. கால் மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். "டெபாசிட்", "ட்ரெயினிங் பீஸ்" என்று பணம் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

7. சம்பளம் பேசும்போது

"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்றதும் "நீங்க கொடுக்கறதைக் கொடுங்க சார்" என்பவர் கணக்கு வேலைக்கு வந்தவர் மாதிரியே இல்லை. கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். மொத்தச் சம்பளம் 16,000 என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 10,000, மீதி வீட்டு வாடகைப் படி. பிஎஃப் 12 சதவீதம், 1,200. மொத்தச் சம்பளம் 21,000க்குள் இருப்பதால் இஎஸ்ஐ உண்டு, 0.75 சதவீதம், 120. கையில் 14,680. இதை அவர்கள் முன்னாலேயே தாளில் போட்டுக் காட்டினால், அதுவும் ஒரு டெஸ்ட்டில் பாஸ் ஆன மாதிரிதான்.

உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி கேளுங்கள். "இந்த இடத்துல முன்னாடி இருந்தவங்க எந்த வேலையெல்லாம் பார்த்தாங்க?" என்பது நல்ல கேள்வி. பதிலைக் கேட்டாலே, மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டுகிற இடமா என்று தெரிந்துவிடும்.

8. வெளியே வந்ததும்

பஸ் ஏறி உட்கார்ந்ததும் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பாதி மறந்துபோகும். பதில் தெரியாதவற்றுக்கு அன்று ராத்திரியே விடை தேடுங்கள். சொன்ன நாளில் போன் வராவிட்டால் அடுத்த நாள் நீங்களே ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கலாம், தப்பில்லை. இரண்டாவது முறை வேண்டாம்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மில் மேனேஜர் கேட்டவை ஒன்பது கேள்விகள். அடுத்த வாரம் போன இடத்தில் அதில் நான்கு அப்படியே வந்தன. அங்கேயும் பில் கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். இந்த முறை நான் முதலில் கேட்டது, "சார், உங்க ஜிஎஸ்டி நம்பர் என்ன?"